கலியமூர்த்தி வாங்கின கோல்ட் ப்ரூ மெஷின்

மணமக்களே, பந்திக்கு எப்போ எழுந்திரிக்கலாம்னு பாத்துக்கிட்டு இருக்கிற என் அன்பான சொந்தங்களே... சாப்பாடு எங்கயும் ஓடிடாது. அதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். கதைன்னுகூட சொல்ல முடியாது. ஒரு வீட்டுல காபி போட்ட விஷயம்.

மன்னார்குடியில கலியமூர்த்தின்னு ஒருத்தர். பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் சம்சாரம் மங்கையர்க்கரசி. அவர் கூப்பிடறது அரசி. அந்த அம்மாவுக்குத் தொண்டையில ஒரு கட்டி வந்து, ரேடியேஷன்னு கரண்ட் வச்சு, வைத்தியம் பாத்து... ஒரு வழியா பிழைச்சு வீட்டுக்கு வந்தாங்க. ஆனா டாக்டர் ஒரு கண்டிஷன் போட்டார். கொஞ்ச நாளைக்கு சூடா எதுவும் தொண்டையில இறங்கக் கூடாது.

சூடா எதுவும்னா... காபி? காபியும்தான்யா.

தஞ்சாவூர் ஜில்லாக்காரங்ககிட்ட காபி குடிக்காதேன்னா என்ன அர்த்தம்? பொழுதே விடியக் கூடாதுன்னு அர்த்தம். கஞ்சி ஆறவச்சுக் குடுத்தா ஒரு வாய். மோர் குடுத்தா ஒரு வாய். "போதுங்க"ன்னு தள்ளி வச்சிடறாங்க. கடைக் காபியை வாங்கியாந்து ஆறவச்சுக் குடுத்தார்... ஆடை படிஞ்சு, கசந்து போயி, அதையும் தள்ளிட்டாங்க. உடம்பு நாளுக்கு நாள் கரையுது. இப்படியே சாப்பிடாம இருந்தா மறுபடி ஆஸ்பத்திரிலதான் சேக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். கலியமூர்த்திக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

அப்பத்தான் பெங்களூர்ல இருக்கிற மக போன்ல சொன்னா. கோல்ட் ப்ரூன்னு ஒண்ணு இருக்காம். அடுப்பே வேண்டாமாம். பச்சைத் தண்ணியில காபித்தூளை ராத்திரி பூரா ஊறவச்சு வடிகட்டணுமாம், தொண்டைக்கு இதமா இருக்குமாம். அதுக்குன்னே மெஷின் விக்குதாம். டாக்டரைக் கேட்டார். பால் கலந்து குடுங்கன்னுட்டார்.

இப்ப மெஷின் வாங்கலாமா, வேண்டாமா? எதிர்வீட்டு சவரிமுத்து விஷயத்தைக் கேட்டார். "யோவ், ஊறுகா பாட்டில்ல தூளைப் போட்டுத் தண்ணி ஊத்தி வை. காலையில வேட்டித்துணியில வடிகட்டு. இதுக்குப் போயி ஒரு மெஷினா?"

அவர் சொன்னதுல தப்பு உண்டா? கிடையாது. அந்த மெஷினை நானே பாத்தேன். ஒரு கண்ணாடி ஜாடி, உள்ள ஒரு சல்லடைக் குழாய், மேல ஒரு மூடி. சுத்தற சாமான் ஒண்ணு கிடையாது... மெஷினாம்.

ஆனா கலியமூர்த்தி வாங்கிட்டார். ஏன் தெரியுமா? அந்த மனுஷன் ஆயுசுல காபி போட்டதே இல்லை. பாட்டில்ல போட்டுக் கெட்டுப் போயிடுச்சுன்னா? அரசி அதையும் தள்ளிட்டா? அந்த பயத்துக்குத்தான்யா மெஷின்.

முதல் நாள் என்ன பண்ணார்... வீட்டுல இருந்த ஃபில்டர் காபித்தூளை அள்ளிப் போட்டார். நைஸா அரைச்ச தூள், சிக்கரி வேற. காலையில திறந்தா, வாய்க்கா வண்டல் மாதிரி கெடக்கு. சல்லடை அடைச்சுக்கிச்சு. கையில ஜாடியோட முழிச்சுக்கிட்டு நிக்கிறாரு. கட்டில்லேருந்து அதைப் பாத்துட்டு அந்த அம்மா சிரிச்சாங்க. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சாங்க. சிக்கரி இல்லாம, ரவை மாதிரி அரைச்சு வாங்கிட்டு வாங்கன்னு அவங்களே சொல்லிக் குடுத்தாங்க.

மறுநாள் நல்லா வடிஞ்சுது. பாலைக் காய்ச்சி ஆறவச்சு, சர்க்கரை போட்டு, ஒரு டம்ளர் கொண்டாந்து குடுத்தார். குடுத்துட்டு எதிர்க்க உக்காந்து மூஞ்சியவே பாக்கறார்.

ஒரு வாய்... இன்னொரு வாய்... டம்ளரைக் கீழ வச்சாங்க. கண்ணுல தண்ணி.

பதறிட்டார். "என்னம்மா... எரியுதா?"

"இல்லீங்க. காபி இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க."

"என்ன சொல்றே? தினம் நீதானே போட்டே?"

"போட்டேன். முதல் டிகாக்‌ஷன் உங்களுக்கு. மாமா இருந்தவரைக்கும் மாமாவுக்கு. அப்புறம் வந்தவங்க போனவங்களுக்கு. அது தீந்ததும் அதே தூள்ல மறுபடி வெந்நி ஊத்துவேன்ல... அதுதான் எனக்கு."

குறையா சொல்லல. சாதாரணமா சொன்னாங்க. இன்னும் அரை டம்ளர் இருந்தா குடுங்கன்னு கேட்டாங்க. குடுத்துட்டு, கொல்லைப் பக்கம் போயி அழுதார் கலியமூர்த்தி.

எங்க வீட்டுக் காபி மாதிரி வராதுன்னு ஊரெல்லாம் பெருமை பேசின மனுஷன்யா. அதைப் போட்டவ வாயில அது ஒரு நாளும் பட்டதில்லைன்னு அவருக்குத் தெரியல. கெட்டவரா? இல்லை. ஆசை இல்லாதவரா? ஆசை இல்லேன்னா எதுக்கு அழறார்? பாக்கல... அவ்வளவுதான். பாக்கவே இல்லை.

அன்னைலேருந்து அந்த அம்மா சாப்பிட ஆரம்பிச்சாங்க. உடம்பு தேறுச்சு. சூடா குடிக்கலாம்னு டாக்டர் சொன்ன மறுநாள், அவங்களே அடுப்படிக்குப் போயி ஃபில்டர் போட்டாங்க. முதல் டிகாக்‌ஷனை எடுத்து அவர் டம்ளர்ல ஊத்தப் போறாங்க. கலியமூர்த்தி பக்கத்துல வந்து நின்னார்.

"இரும்மா. ரெண்டாவதும் இறங்கட்டும்."

இறங்குச்சு. ரெண்டையும் ஒண்ணாக் கலந்தார்.

"தண்ணியா இருக்குமேங்க உங்களுக்கு."

"இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கும்ல."

மெஷின் வாங்கணுமான்னு கேட்டா, சவரிமுத்து சொன்ன ஊறுகா பாட்டிலே போதும்னுதான் நானும் சொல்வேன். அந்த மெஷின் ஜாடியில இப்ப வெட்டிவேர்த் தண்ணிதான் ஊத்தி வச்சிருக்காங்க. ஆனா மாப்பிள்ளைத் தம்பி... நாளைக்கு உன் கைக்கு ஒரு டம்ளர் காபி வரும். குடிக்கிறதுக்கு முன்னாடி, போட்டவங்க டம்ளர்ல என்ன இருக்குன்னு ஒரு தடவை எட்டிப் பாரு. அம்மா போட்டிருந்தாலும் பாரு, இந்தப் பொண்ணு போட்டிருந்தாலும் பாரு. அம்மாடி, நீ போட்டா நீயும் உனக்கு நல்லதையே ஊத்திக்க.

இங்க உக்காந்திருக்கிற நம்ம எல்லாருக்கும்தான் சொல்றேன். இதைத் தெரிஞ்சுக்க, கலியமூர்த்திக்குப் பொண்டாட்டி தொண்டையில ஒரு கட்டி வர வேண்டியிருந்துச்சு. நமக்கு அதெல்லாம் வேண்டாம்யா... நாளைக்குக் காலையில அடுப்படிக்கு ஒரு எட்டு போயிப் பாத்துடுவோம்.