ஸ்டேஷன் பக்கத்து வீடுகள்

சிவகிரியிலிருந்து சங்கரன்கோவில் வரும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெரியவர் சொன்னது காதில் விழுந்தது.

"ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வாடகைக்கு விட அஞ்சு வீடு கட்டியிருக்கேன். ஆனா நான் இருக்கது வாடகை வீட்டுலதான்."

பக்கத்திலிருந்த விவசாயி சிரித்தார். "ஏன் அண்ணாச்சி, சொந்த வீடு கசக்குதோ?"

"அங்கன கிணத்துத் தண்ணி உப்பு வே. எம்புட்டு எரிச்சாலும் பருப்பு வேவாது. எம் பொண்டாட்டி அங்கன வரவே மாட்டேன்னுட்டா."

விவசாயியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த அஞ்சு வீடும் உங்களதா? அதுல கடைசி வீட்டுலதான் எம் மக குடியிருக்கா. ஒரு பருப்பு வேகவைக்கத் தெரியல, கூட்டிட்டுப் போங்கன்னு மாப்பிள்ளை ஆள் விட்டிருக்காரு. அதுக்குத்தான் இப்ப வாரேன். குடி வைக்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம்லா?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சொன்னா எவன் வே குடி வருவான்?"