இரண்டாம் முறை வாசித்தவன்

பகல் ஒன்றரை மணி. அசென்சியோனிலிருந்து உருபிச்சாவுக்குப் போகும் செம்மண் சாலை. ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரம். ரோட்டில் ஒரு ஈ, காக்கை இல்லை...

பேய்க்கு நடுராத்திரிதான் வசதி என்று யார் சொன்னது? இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள்.

நம் குழுவில் ஹார்ப்சிகார்ட், அந்தப் பழங்காலப் பியானோ, வாசிக்கிறாளே நில்சா, அவளுடைய தாய்மாமனுக்கு நடந்தது இது. பெயர் எர்லான் யாம்பா. நாடு நாடாகப் போய்க் கைத்தட்டல் வாங்கிய முதல் வயலின்காரன். அன்று இரவு சொந்த ஊரான உருபிச்சாவின் தேவாலயத்தில் கச்சேரி. குழுவில் மற்றவர்கள் காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். எர்லான் மட்டும் பின்னால் தனியாக, மோட்டார் சைக்கிளில், வயலின் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு வந்தான்.

காரணம் இருந்தது. ஊர் எல்லையில் ஒரு வீட்டு வாசலில் வேன் நிற்கும். எல்லோரும் இறங்கி ஒரு வாய் சிச்சா, அந்தச் சோளக் கள்ளு, குடித்துவிட்டுத்தான் போவார்கள். அது எர்லானின் பழைய கூட்டாளி ஹசிந்தோவின் அம்மா வீடு. அந்த அம்மாவின் முகத்தில் விழிக்க எர்லானுக்குத் தெம்பில்லை.

நாம் வாசிக்கும் பரோக் இசையில், அந்த முந்நூறு வருடப் பழைய இசையில், ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை. காகிதத்தில் இருப்பது வெறும் எலும்பு. ஒவ்வொரு பாதியையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதல் முறை எழுதியபடி. இரண்டாம் முறை அவரவர் சொந்தச் சங்கதிகளை, நெளிவு சுளிவுகளைப் போட்டு. வயலின்காரனுக்குப் பெயர் கிடைப்பதும் போவதும் அந்த இரண்டாம் முறையில்தான்.

ஹசிந்தோவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நான்கு பேர் நடுவில் வாயைத் திறக்க மாட்டான். வில்லை எடுத்தால் நாற்பது பேர் வாயை மூடுவார்கள். கச்சேரிக்குப் போகிற ஊரிலெல்லாம் அவனுக்கும் எர்லானுக்கும் ஒரே அறை. மத்தியானங்களில் ஹசிந்தோ மெல்ல, மெல்ல வாசித்துப் பார்ப்பான். எர்லான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். ஒரு வருடம் கேட்டான்.

பிறகு சாந்தா குரூஸ் நகரத்தில் முதல் வயலினுக்கு ஆள் எடுத்தார்கள். இருவருக்கும் ஒரே பாட்டு. சீட்டுக் குலுக்கியதில் எர்லான் முதலில். இரண்டாம் முறை வந்தபோது ஹசிந்தோவின் சங்கதிகளை ஒன்றுவிடாமல் வாசித்தான். அடுத்து ஹசிந்தோ. அவனிடம் இருந்ததும் அவைதானே...

தேர்வாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஏம்ப்பா, வெளிய உக்காந்து கேட்டுட்டு அப்படியே எடுத்து விடுறியா?" எர்லானை உள்ளே கூப்பிட்டார். "நீ சொல்லுப்பா. இந்தச் சங்கதியெல்லாம் யாரோடது?"

"என்னோடது சார்."

ஹசிந்தோ எர்லானை ஒருமுறை பார்த்தான். வில்லைத் தளர்த்தினான். பெட்டிக்குள் வைத்தான். பூட்டினான். அதன்பிறகு அதைத் திறக்கவே இல்லை. மரம் அறுக்கும் பட்டறையில் வேலைக்குப் போனான். இரண்டாம் வருடம், லாரியிலிருந்து ஒரு கட்டை அவன்மேல் உருண்டது. இதே சாலையில்.

அவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம்.

எர்லானின் வண்டி பாதி வழியில் இருமி இருமி நின்றுபோனது. இறங்கி உதைத்தான். அசையவில்லை. இரண்டு பக்கமும் காடு. காது கிழிய இரைந்துகொண்டிருந்த சில்வண்டுகள், யாரோ கையமர்த்தியதுபோல, ஒரே நேரத்தில் அடங்கின.

முதலில் வாசம் வந்தது. குங்கிலியம். ஹசிந்தோ கடையில் வாங்க மாட்டான். காட்டு மரத்துப் பிசினைக் காய்ச்சித்தான் வில்லுக்குத் தேய்ப்பான்.

அப்புறம் சத்தம். ஒரு தந்தி... இன்னொரு தந்தி... யாரோ நிதானமாகச் சுருதி சேர்த்தார்கள். பிறகு பாட்டு. அன்று இரவு எர்லான் வாசிக்க வேண்டிய அதே பாட்டு. எழுதியபடி, ஒரு சங்கதி இல்லாமல். முதல் பாதி முடிந்தது. நின்றது.

காற்றில்லை. இலை அசையவில்லை.

மறுபடி முதலிலிருந்து அதே பாதி. அதே இடத்தில் நின்றது.

மூன்றாவது தடவை நின்றபோதுதான் எர்லானுக்கு உறைத்தது. 'இரண்டாம் முறை உன்னுடையதாமே, வாசி' என்று ஹசிந்தோ விட்டுக்கொடுத்துக் காத்திருக்கிறான்.

எர்லான் பெட்டியைத் திறந்தான். தந்தியில் வில்லை வைத்தான். சொந்தமாக ஒன்று, ஒரே ஒன்று போட்டுவிட மாட்டோமா என்று நாலைந்து தடவை முயன்றான். விரல்கள் எங்கெங்கோ போய், போன இடம் தெரியாமல் நின்றன. தனக்கென்று எதுவும் இல்லை என்று அந்த வெயிலில்தான் தெரிந்தது.

"உன்னோடதுதான்டா ஹசிந்தோ," என்றான் மரங்களைப் பார்த்து. "எல்லாமே உன்னோடது."

சில்வண்டுகள் மறுபடி இரைந்தன.

கொஞ்ச நேரத்தில் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒரு மீன்காரர் வந்து நின்றார். "வண்டி படுத்துடுச்சா மாஸ்டர்? ஏறுங்க. நாத்தத்த மட்டும் பொறுத்துக்கணும். ஆமா, கூட இருந்தவரு எங்க?"

"யாரும் இல்லையே."

"வளைவு வரைக்கும் ரெண்டு வயலின் கேட்டுச்சே. ஒண்ணு சுத்தமா இருந்துச்சு. இன்னொண்ணுதான் என்னத்தையோ தடவிக்கிட்டே கெடந்துச்சு."

எர்லான் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு பின்னால் ஏறினான்.

தேவாலயத்தின் பின்னறையில் நில்சாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "மரத்துக்கிட்ட சொன்னா ஹசிந்தோ அம்மா காதுல விழுமா மாமா? பாட்டுக்கு முன்னாடி நீதானே எந்திரிச்சு ரெண்டு வார்த்தை பேசுவ. அப்ப சொல்லு."

"சொன்னா இந்த ஊர்ல தலை காட்ட முடியாதுடி."

"இப்ப மட்டும் காட்டுறியாக்கும். வேனை விட்டுட்டு வேகாத வெயில்ல தனியா வந்தவன் யாரு?"

எர்லான் தலையைக் குனிந்துகொண்டான். "சரி. சொல்லிடறேன்."

இரவு ஏழரை. தேவாலயம் நிரம்பி, வாசல் வரை கூட்டம். முதல் பெஞ்சில் நடைபாதை ஓரமாக ஹசிந்தோவின் அம்மா, நரைத்த பின்னலும் தோய்த்து உடுத்திய வெள்ளை ரவிக்கையுமாக. எர்லானைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் எழுந்தான். "இதை எழுதினவர் பேரு தெரியாது. நம்ம ஊர்ப் பழைய காகிதத்துல கெடச்சது. ரெண்டாவது தடவை வாசிக்கும்போது வர்ற சங்கதிங்க..."

நிறுத்தினான். அந்த அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"...கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க," என்று முடித்துவிட்டு வயலினைத் தூக்கினான். நில்சா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் முறை ஒழுங்காகப் போனது. இரண்டாம் முறை... வில்லை இழுத்தான். மோவாய்க்குக் கீழே வயலின் மரம் அதிரவில்லை. சத்தம் அங்கிருந்து வரவில்லை. வாசல் பக்கம், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. அவன் வில் அசைவதற்கு ஒரு கணம் முன்னால் வந்தது. முதலில் அவனுக்குத் தெரிந்த சங்கதிகள். பிறகு அவன் கேட்டே இராதவை. இத்தனை வருடமாக யாரும் வாசிக்காதவை.

எர்லானின் வில் சத்தமில்லாமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நிறுத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும். நிறுத்தவில்லை. காதுமடல் பற்றி எரிந்தது. கூட்டம் சொக்கிப்போய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. நில்சாவின் விரல்கள் மட்டும் அவனை விட்டுவிட்டு வாசல் பக்கத்துத் தாளத்தோடு போயின.

சத்தம் நடைபாதை வழியாக, அடி அடியாக, முன்னால் வந்தது.

ஹசிந்தோவின் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. எர்லானின் கண்ணிலிருந்து தன் கண்ணை எடுக்காமல், பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள். ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.

பழைய பெஞ்சு, பாரம் ஏறியதுபோல, ஒருமுறை முனகியது.