இபாதான் போய் வந்தவர்

மோரெனிகே: தோளை ஏன் அப்படிப் பிடிச்சுக்கிறீங்க, டோலா அப்பா?

லானியி: இபாதான் பஸ்ல செம கூட்டம். நசுக்கிட்டானுங்க.

மோரெனிகே: திருவிழா அன்னைக்கா டயர் வாங்கப் போவாங்க... நம்ம இசெயின் ஊரே தெருவுல நின்னுச்சு. செத்துப்போன உங்க வீட்டு முன்னோர் துணி போர்த்திக்கிட்டு இறங்கி வந்தார்.

லானியி: ஓஹோ. நல்லா ஆடினாரா?

மோரெனிகே: சுமார்.

லானியி: சுமாரா?

மோரெனிகே: உங்களுக்கு ஏன் மூக்கு சிவக்குது? சரி, நல்லாத்தான் ஆடினார். தலையிலேர்ந்து கால் வரைக்கும் அத்தனை அடுக்குத் துணி... சுத்தினப்ப குடையா விரிஞ்சுது. என்ன கனம் கனக்கும்.

லானியி: உள்ள யாருன்னு யாரும் பேசிக்கலையே?

மோரெனிகே: உள்ள யாரு? முன்னோர்தான். பொம்பளைங்களுக்கு வேற என்ன தெரியும்? தெரியவும் கூடாதே.

லானியி: ம்... அது சரி.

மோரெனிகே: நம்ம வாசல்ல நின்னார். மண்டியிட்டு ஒரு வழக்குச் சொன்னேன்.

லானியி: என்ன வழக்கு?

மோரெனிகே: உங்க மேலதான். ஹூஸ்டன்ல இருக்கற உங்க தம்பி உங்களை அங்க மேடையில ஆடக் கூப்பிடறான், முன்னோர் போர்த்தற வீட்டுத் துணியையும் கொண்டு வரச் சொல்றான். விசா வந்ததே எனக்கு அடுத்தவங்க சொல்லித்தான் தெரியும்னேன்.

லானியி: ஊர் முன்னாடியா?

மோரெனிகே: வீட்டுல பேச்செடுத்தா நீங்க எழுந்து போயிடறீங்க. அவர் நின்னு கேட்டார்.

லானியி: ...என்ன சொன்னார்?

மோரெனிகே: அந்தக் கரகரக் குரல்ல, 'அவன் போகவே கூடாது'ன்னுட்டார். அவர் வாக்கை மீற முடியுமா? தம்பிக்கு ஃபோன் போட்டுடுங்க.

லானியி: போகவே கூடாதுன்னா? 'உன்னைக் கேக்காம போகமாட்டான்'னுதானே சொன்...

மோரெனிகே: சொன்...?

லானியி: ...சொன்னாராம். பஸ்ல ஒருத்தன் பேசிட்டு வந்தான்.

மோரெனிகே: அடேயப்பா. வாக்கு உங்களுக்கு முன்னாடியே பஸ் ஏறிடுச்சே.

லானியி: சிரிக்காத, டோலா அம்மா.

மோரெனிகே: சிரிக்கலை. அவர் சொன்னபடி நடங்க. என்னைக் கேளுங்க.

லானியி: ...போகட்டுமா?

மோரெனிகே: போங்க. அங்க புதுத் துணி தைச்சு, உங்க பேரைப் போட்டு ஆடுங்க. நல்லா கை தட்டட்டும். இந்தத் துணி மட்டும் வீட்டை விட்டுப் போகாது. இதுல வர்றவருக்குப் பேர் கிடையாது.

லானியி: அடுத்த திருவிழாவுக்கு வந்துடுவேன்.

மோரெனிகே: நீங்க எதுக்கு? அன்னைக்கு எப்படியும் இபாதான்லதான் இருப்பீங்க. அவர் வந்தாப் போதும்... சட்டையைக் கழட்டுங்க. தோளுக்குத் தடவ ஷியா வெண்ணெய் வாங்கி வச்சிருக்கேன்.

லானியி: நான் இப்பதானே வந்தேன். எப்ப வாங்கின?

மோரெனிகே: காலையில. நீங்க இபாதானுக்குக் கிளம்பின உடனே.