தொட்டுக்கொள்ள வயல் நண்டு

எனக்குக் கள் ஒத்துக்கொள்ளாது. அரை கிளாஸுக்கு மேல் போனால் தலை சுற்றும், மறுநாள் வயிறு பேசும். இருந்தும் இருபது வருஷமாக ஒரு நாள் விடாமல் கள்ளுக்கடைக்குப் போய் வருகிறவன் நான். தொட்டுக்கொள்ளக் கொடுப்பதைத் தின்னத்தான் போகிறேன் என்று தெரிந்தால் சிரிப்பார்கள். அதனால் ஒரு கிளாஸ் கள்ளை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதில் ஈ விழுந்து, நீந்தி, கரையேறிப் போனதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்துநாலு. பாலக்காட்டு நல்லேப்பிள்ளிப் பக்கம் ஆறு ஏக்கர் வயலும் ஒரு தென்னந்தோப்பும் இருக்கின்றன. இப்படி ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் சொல்வதற்கு நீங்கள் மலையாளத்தில் 'மொழி' என்கிறீர்கள். நான் என் மொழியில் சொல்கிறேன், ஏட்டு உங்கள் மொழியில் எழுதிக்கொள்ளட்டும்.

பூவாத்தாள் அந்தக் கடைக்கு வந்தது எழுபத்திரண்டில். அவள் புருஷன் காளிச்சாமி என் தோப்பில் கள் இறக்குகிறவன். கடைக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு அவள் அடுப்பு வைத்தாள். அதற்கு முன்னால் அங்கே கிடைத்தது ஊறுகாயும், வேகாத கொள்ளுச் சுண்டலும், என்றைக்கோ அவித்த முட்டையும்தான். அவள் வந்த பிறகு ஆட்டுக்குடல் வறுவல், தட்டைப்பயறு வடை, மரவள்ளிக்கிழங்கு என்று வாழையிலை நிறைந்தது. எல்லாமே நன்றாக இருக்கும். ஆனால் அவள் வறுக்கும் வயல் நண்டு வேறு. வரப்பு வளையில் பிடித்த நண்டை ஓட்டோடு தட்டி, சின்ன வெங்காயமும் மிளகும் நசுக்கிப் போட்டு, தேங்காய்ச் சில்லு சிவக்கும்வரை புரட்டிக்கொண்டே இருப்பாள். வாயில் வைத்தால் முதலில் ஓடு நொறுங்கும், பிறகு காரம் ஏறும், அதற்கப்புறம்தான் அந்த இனிப்பு வரும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். எனக்குப் போதை ஏறிவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள்.

தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகளை மூடிய பிறகு பொள்ளாச்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி வந்தார்கள். அவர்கள் நண்டைக் காலி செய்வதற்குள் போய்விட வேண்டுமென்று மூன்று மணிக்கே போய் உட்காருவேன். என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்த அன்றும் போனேன். "பெத்த புள்ளையக் காட்டிலும் உங்களுக்கு வவுறுதான் பெருசு" என்றாள் என் சம்சாரம் கமலாத்தாள். மறுத்துப் பேச வாய் திறந்தேன், ஏப்பம் வந்துவிட்டது.

இந்த வருஷம் சித்திரையில் ஒருநாள் புருஷனும் பெண்சாதியுமாக வந்து நின்றார்கள்.

"அண்ணா, நாங்க மூணாறு போறமுங்க" என்றான் காளிச்சாமி. "இவ அண்ணன் அழகுமலை அங்க எஸ்டேட்ல இருக்கறானுங்க. டீ பேக்டரில வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கறானாமா."

"இங்க என்ன கொறை உனக்கு? தோப்புலயே ஊடு கட்டித் தர்றேன்" என்றேன்.

பூவாத்தாள்தான் பதில் சொன்னாள். "வேண்டாமுங்கண்ணா. இவரு மரத்து மேல நிக்கறப்ப என்ற உசுரு எங்கிட்ட இருக்கறதில்லீங்க. அடுப்புல கை ஓடறதில்ல. அங்க தரையில நின்னு செய்யற வேலைங்களாமா. அது போதுமுங்க எங்களுக்கு."

நியாயமான பேச்சு. அதில் நான் குறை காணவில்லை. ஆனால் அவர்கள் போகாமலிருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தோப்பில் தேங்காய் மட்டைகளைக் கயிற்றால் மரத்தோடு படிபோலக் கட்டித்தான் ஏறுவார்கள். மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து, சாயங்காலம் காளிச்சாமி முதலில் ஏறும் மரத்துக்குப் போனேன். உயரத்தில் இருக்கும் படியில் கை வைத்தால் ஆளே போய்விடுவான், அது பாவம். அதனால் நாலாவது படியைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு மேல் என் தொப்பை என்னை ஏறவிடவில்லை. கயிற்றை முக்கால்வாசி அறுத்துவிட்டு இறங்கினேன். இறங்கும்போது வேட்டி கிழிந்தது.

அன்று சாயங்காலம் காளிச்சாமி விழுந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்தது. நான் ஒரு காலுக்குத்தான் திட்டம் போட்டிருந்தேன், ஒரு கால்தான் ஒடிந்தது. என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்தது அந்த ஒரு முறைதான்.

நானே வண்டி கட்டி எலும்பு வைத்தியரிடம் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவன் தலையை என் மடியில் வைத்திருந்தேன். நாலாம் நாள் பூவாத்தாள் ஒரு தூக்குப்போணி நிறைய நண்டு வறுத்து என் வீட்டுக்கே கொண்டுவந்தாள். "நீங்க இல்லீன்னா நாங்க அனாதைங்கண்ணா" என்று சொல்லி அழுதாள். அன்றைக்கு உப்புக் கொஞ்சம் தூக்கல். நான் சொல்லிக் காட்டவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் உப்பைப் பற்றிப் பேசுவது மனிதத்தன்மை ஆகாது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் போல நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. புருஷன் படுக்கையில் கிடந்ததால் குடும்பத்தின் பாடு முழுவதும் அவள் அடுப்பில்தான். தினமும் நண்டு உண்டு. நான் ஒரு சுற்று பெருத்துவிட்டேன். தையல்காரன் சட்டையின் இரண்டு பக்கமும் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தான்.

ஆனால் கால் கூடிவிட்டது. எலும்பு வைத்தியர் கெட்டிக்காரர், அவரிடம் கொண்டுபோனதும் நானே. ஐப்பசியில் காளிச்சாமி லேசாகச் சாய்ந்து நடக்க ஆரம்பித்தான். உட்கார்ந்து பார்க்கிற வேலையாகவே வாங்கித் தருகிறேன் என்று அழகுமலையிடமிருந்து மறுபடியும் கடிதம் வந்தது. கல்பாத்தித் தேர் முடிந்ததும் புறப்படுவதென்று முடிவு செய்தார்கள்.

நான் உடனே எதிலும் இறங்கவில்லை. முதலில் பூவாத்தாளைக் கூப்பிட்டு என் சம்சாரத்துக்கு அந்தப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். அவள் ஒன்றையும் ஒளிக்காமல் எங்கள் அடுப்படியிலேயே நின்று வறுத்துக் காட்டினாள். மறுநாள் கமலாத்தாள் தானே செய்தாள். அதைத் தின்ற பிறகுதான் வேறு வழியில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

புருஷன் இல்லாத பெண் தனியாக மலையேறி என்ன செய்யப் போகிறாள்? அடுப்பு இருக்கிற இடத்தில்தானே இருப்பாள். அப்படித்தான் யோசித்தேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் சாயங்காலம் காளிச்சாமியைக் கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். பூவாத்தாள் இரண்டு இலையில் நண்டு வைத்தாள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நான் மடியில் கொண்டுபோயிருந்தேன். நண்டில் கலக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல நண்டு அது. அதனால் கள்ளில் கலந்தேன்.

"ஏனுங்கண்ணா, கள்ளு என்னமோ நாத்தமடிக்குது" என்றான்.

"புளிச்ச கள்ளு. நண்டத் தொட்டுட்டுக் குடி" என்றேன்.

குடித்தான். "உங்களுக்கு ஒடம்பு முடியலீன்னா ஒரு காயிதம் போடுங்கண்ணா. இவளக் கூட்டிட்டு ஓடி வந்துர்றேன்" என்றான். அவன் பேசிக் கடைசியாக நான் கேட்டது அதுதான். அதற்குப் பிறகு வாந்தி, வலிப்பு. ஆட்கள் ஒரு கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவன் இலையில் நண்டு பாதி மிச்சம் இருந்தது. வீணாகப் போக வேண்டாமே என்று எடுத்துக்கொண்டேன்.

என் மூளையின் லட்சணம் அடுத்த நாள்தான் தெரிந்தது. விடிவதற்குள் அவன் உயிர் போய்விட்டது, விஷம் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் வந்து, நண்டைச் சமைத்தது யார் என்று என்னிடம் கேட்டீர்கள். பூவாத்தாள் என்றேன். அது உண்மை. கள்ளை ஊற்றிக் கொடுத்தது யார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினீர்கள். ஏறும்போது அவள் என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க பக்கத்துல இருந்தீங்களே, நீங்க சொல்லுங்கண்ணா" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை யோசித்தவன் இந்த ஒன்றை யோசிக்கவில்லை பாருங்கள். அடுப்பைக் காப்பாற்றப் போய், அடுப்புக்காரியையே ஜெயிலுக்கு அனுப்பிவிட்டேன்.

இன்றோடு பதினோரு நாள். கொட்டகையில் அடுப்பு அவிந்து கிடந்தது. முந்தாநாள் சுப்பாத்தாள் என்று ஒருத்தி வந்து அங்கே அடுப்பு மூட்டினாள். அவள் வறுத்த நண்டையும் தின்று பார்த்தேன். சேற்றில் போட்டு எடுத்தது போல இருந்தது. அப்போதுதான் என் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. குற்றமில்லாத ஒரு பெண் உள்ளே இருக்க, நான் வெளியே உட்கார்ந்து இதைத் தின்பது என்ன நியாயம்? இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்று காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். கமலாத்தாளிடம் உரக்கடைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். படிக்கயிற்றை அறுத்தது நான். கள்ளில் மருந்து கலந்தது நான். காளிச்சாமியைக் கொன்றது நான். பூவாத்தாளுக்கு இதில் எதுவும் தெரியாது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். எனக்குச் சலுகை எதுவும் வேண்டாம்.

அவளை மட்டும் இன்றே விட்டுவிட்டால் நல்லது. மழை விட்டிருக்கிறது, அமாவாசைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, வயலில் நண்டு நல்ல சதைப்பிடிப்பாக இருக்கும். அவள் இளகிய மனசுக்காரி. கோபம் தணிந்ததும் என்னைப் பார்க்க ஜெயிலுக்கு வராமல் இருக்க மாட்டாள். வெறுங்கையோடும் வர மாட்டாள். வாசலில் நிற்கும் போலீஸ்காரர் பாத்திரத்தைத் திறந்து பார்க்கட்டும், அது அவர் கடமை. அதில் கை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.