ஒம்பது பேரும் ரெடி

இல்லண்ணே, சுத்தி வளைக்கவே வேணாம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே வெளங்கிருச்சு. பதுளையிலருந்து உக்குவளைக்குக் கம்ப்யூட்டர் படிக்கவா வருவீங்க? உக்காருங்க. அந்தக் கதிர வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. ஜோசப்பின் உள்ளதான் கிளாஸ் எடுத்துக்கிட்டிருக்கு, கொஞ்சம் மெதுவாப் பேசுவோம்.

கொணமா? தங்கமான புள்ளண்ணே. அப்பா ரபாயேல் மேல தோட்டத்துல பெக்டரி வாட்ச்சரு. குடும்பமே ஞாயித்துக்கெழம பூசைய விட மாட்டாங்க. ரெண்டாயிரத்தி ஏழுல டைப்பிங் சொல்லிக் குடுக்க எங்கிட்ட வந்து சேந்திச்சு. என் பேரு இருளாண்டி. போர்டுல இங்கிலிஷ்ல ஆண்டி கம்ப்யூட்டர்ஸ்னு இருக்கும், பாத்திருப்பீங்க. கீழ லாபிர் நானா கடைக்குச் சாமான் வாங்க வர்ற ஆளுங்க, யாரோ வெள்ளக்காரன் நடத்துறான்னு நெனச்சு மேல ஏறி வந்து என் மொகத்தப் பாத்துட்டு எறங்கிப் போயிருக்காங்க. ஆனா ஊருக்குள்ள எல்லாருக்கும் நான் மாஸ்டர்தான். பன்னெண்டு வருசமா.

தெரியும்ணே, அதக் கேக்கத்தான் வந்திருக்கீங்க. பதிமூணு மாசம் உள்ள இருந்திச்சு. ஊரறிஞ்ச விசயம், அத மறைச்சு என்ன ஆகப் போகுது? ஆனா எதுக்கு இருந்திச்சுன்னு யாராவது சொன்னாங்களா? ஃபோர் லூப்.

ஐயோ, இயக்கத்துப் பேரு இல்லண்ணே! பாடம். கம்ப்யூட்டர் பாடம்.

பைத்தன்னு ஒரு கம்ப்யூட்டர் பாசை இருக்கு. ஆமா, மலைப்பாம்புன்னுதான் அர்த்தம், பேரு வச்சவனக் கேக்கணும். பேராதெனிய கேம்பஸ்ல படிக்கிற சொந்தக்காரப் புள்ள ஒண்ணு அந்தப் புத்தகத்த போட்டோகொப்பி அடிச்சுக் குடுத்திருக்கு. தோட்டத்து லயத்து வீட்டுல கம்ப்யூட்டருக்கு எங்க போறது? அதனால இது பஸ்ல வரும்போது போகும்போதெல்லாம் கொப்பியில எழுதும். காலையில புள்ளைங்க வர்றதுக்கு முந்தியே இங்க வந்து, எழுதுனத கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பாக்கும். சரியா வந்திருச்சுன்னா தனியா சிரிச்சுக்கும்.

லூப்னா, தோட்டத்துப் பெரட்டு தெரியுமில்ல? விடிஞ்சதும் கணக்கப்புள்ள நின்னு ஒவ்வொரு பேரா வாசிச்சு மலைக்கு அனுப்புவாரே, அது மாதிரி. பேருங்கள ஒரு தடவ குடுத்துட்டாப் போதும். மொத ஆளுலருந்து கடசி ஆள் வரைக்கும், ஒவ்வொருத்தருக்கும் அதே வேலையக் கம்ப்யூட்டரே செஞ்சுக்கிட்டுப் போகும். நூறு பேருன்னாலும் ரெண்டே வரி. அவ்வளவுதான் சங்கதி.

அந்த வருசம் எங்கிட்ட ஒம்பது பொம்பளப் புள்ளைங்க டைப்பிங் பரீட்சைக்கு இருந்தாங்க. ஜோசப்பின் அந்த ஒம்பது பேரையும் வரிசையா எழுதி, கீழ லூப்பப் போட்டு, ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ரெடின்னு வர்ற மாதிரி எழுதியிருக்கு. எல்லாம் இங்கிலிஷ் எழுத்துல. உச்சியில பைத்தன்னு எழுதி, செவப்பு மையில கோடு வேற.

ரெண்டாயிரத்தி எட்டு எப்பிடிப்பட்ட காலம்னு ஒங்களுக்குச் சொல்லணுமா? மாத்தளையிலருந்து இது வந்த பஸ்ஸ பொலிசு நிப்பாட்டி, எல்லாரையும் எறக்கி, பேக்கத் தொறக்கச் சொல்லியிருக்காங்க. மலைப்பாம்பு. ஒம்பது தமிழ்ப் பேரு. ரெடி. எதுக்கு ரெடின்னு கேட்டிருக்காங்க. பரீட்சைக்குன்னு சொல்லியிருக்கு. நம்புவானா?

ஒம்பது பேரையும் தேடி ஜீப் போச்சு. தாய்மாரெல்லாம் ஸ்டேசன் வாசல்ல நின்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. நான்தாண்ணே போனேன். இதெல்லாம் என் கிளாஸ் புள்ளைங்க, இது ரெஜிஸ்டரு, இது பரீட்சைக்குப் பணம் கட்டுன துண்டுன்னு சிங்களத்துல எடுத்துச் சொன்னேன். சாயந்தரமே ஒம்பது பேரையும் விட்டுட்டாங்க. ஊருல என்னமா மரியாத தெரியுமா அதுக்கப்பறம்!

ஜோசப்பின மட்டும் விடல. எழுதுனது அதுதானே. இது கம்ப்யூட்டருக்கு எழுதுனது, வெவரம் தெரிஞ்ச ஆளக் கேட்டுப் பாருங்கன்னு கெஞ்சியிருக்கு. இன்ஸ்பெக்டரும் கேட்டாரு. அவரு கேட்ட ஆளு தாளத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இது கம்ப்யூட்டர் பாசையே இல்லன்னுட்டான். அப்ப இது சங்கேதம்னு எழுதிக்கிட்டாங்க. மறுநாளு புள்ளைய எந்தக் காம்ப்புக்குக் கொண்டு போனாங்கன்னே ரபாயேலுக்குத் தெரியல. மூணு மாசம் அலைஞ்சு கண்டுபுடிச்சாரு. போன மாரியம்மன் தேருக்கு எல்லாரும்தானே வருவாங்க, அங்க பாத்தேன், மனுசன் பாதியாப் போயிட்டாரு.

எப்பிடி விட்டாங்களா? சண்டை முடிஞ்சப்பறம் கேசு கோர்ட்டுக்கு வந்திச்சு. கேம்பஸ் லெக்சரர் ஒருத்தரு லேப்டாப்பக் கொண்டாந்து, அந்தத் தாள்ல இருந்தத அப்பிடியே அடிச்சு நீதவான் முன்னாடி வச்சாரு. ஒம்பது பேரும் வரிசையா வந்து நின்னுச்சு. ஒவ்வொருத்தியும் ரெடி. நீதவான் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு, இவ்வளவுதானான்னு கேட்டாராம். இவ்வளவுதான் ஐயான்னு சொல்லிச்சாம் புள்ள.

வெளிய வந்தப்பறம் எவனும் வேல குடுக்கல. நான் குடுத்தேன். ரபாயேல் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு. ஜோசப்பின் அழல. ஒண்ணுதான் சொல்லிச்சு. சேர், கம்ப்யூட்டரக் கண்ணால கூடப் பாக்காத எவனோ ஒரு மடையனக் கேட்டிருக்காங்கன்னு. ஆமாம்மா, அப்பிடியும் ஆளுங்க இருக்காங்கதான்னு சொன்னேன்.

என்னண்ணே யோசிக்கிறீங்க? படிச்ச ஒரு ஆளு அப்பிடிச் சொன்னான்னா அதுல ஏதோ இருந்திருக்கும்னா? ஒங்க அக்கா வீட்டுலயும் அதத்தான் கேப்பாங்களா?

ஒண்ணும் இல்லண்ணே. அந்தாளு கண்டியில எண்பத்தெட்டுல ஆறு மாசக் கோர்ஸ் படிச்சவன். அவன் படிச்ச பழைய பாசையில ஃபோர்னு தொடங்குனா நெக்ஸ்ட்னு முடிக்கணும். இந்தத் தாள்ல நெக்ஸ்ட் இல்ல. அவ்வளவுதான் அவன் கண்டது. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்திச்சு. ஆனா இன்ஸ்பெக்டர் எந்திரிச்சு நின்னு கதிர போட்டு, பிளேன்டீ வரவழைச்சு, மாஸ்டர், இந்த ஊர்ல ஒங்கள விட்டா வேற யாருக்கு இது தெரியும்னு கேட்டாருண்ணே. அந்த வருசம் ஒரு தமிழனுக்கு ஸ்டேசன்ல கதிர போட்டாங்கண்ணே. அந்தக் கதிரையில உக்காந்துக்கிட்டு எப்பிடிண்ணே தெரியலன்னு சொல்றது? இது கம்ப்யூட்டர் பாசையா இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமான்னு சொன்னேன். சிங்களத்துல எழுதி நீட்டுனாங்க. இருளாண்டின்னு முழுப்பேரையும் போட்டுக் கையெழுத்து வச்சேன்.

இப்ப லூப் எனக்கு நல்லாத் தெரியும். பெரட்டுக் கதை ஜோசப்பின் புள்ளைங்களுக்குச் சொல்றதுதான். கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டேன்.

அதனால தைரியமாப் பொண்ணெடுங்க. இந்தா, கிளாஸ் முடிஞ்சிருச்சு, வருது. இதெல்லாம் அதுக்குத் தெரியாதுண்ணே. பிளேன்டீ சொல்லட்டுமா?