எண்ணெயில் மிதந்த பொன்

என்னை மேடையேற்றிவிட்டு இப்போதே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்ட மதிப்புமிகு தலைவர் திருமாறன் அவர்களே, முன்வரிசையை முந்திவந்து பிடித்திருக்கும் முதுபெரும் பெரியோர்களே, வெளியே பனி கொட்டினாலும் பட்டுச்சேலை உடுத்து வந்து இந்த நிலக்கீழ் மண்டபத்தைப் பொன்மண்டபமாக்கிய தாய்மார்களே, கைத்தொலைபேசிக்குள் தலைகுனிந்திருந்தாலும் ஒரு காதையாவது எனக்குத் தந்திருக்கும் இளையோர்களே, சுவரோரம் நின்று கொத்துரொட்டி எப்போது வரும் என்று கதவையே பார்க்கும் என் பசித்த நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் நகுலேஸ்வரனின் நடுங்கும் நாவால் வணக்கம்.

தலைவர் என்னைப் 'பொன் கண்ட பெருமகன்' என்று அறிமுகம் செய்தார். பொன்னைக் கண்டது உண்மை. கண்ட பொன் என் கண்முன்னாலேயே மிதந்து போனதும் உண்மை. சிறுதொழில் செய்வோர் கூடும் சபையில் வென்றவர்கள் மட்டும் பேசினால் போதுமா? விழுந்தவனும் எழுந்து நின்று, எந்தக் கல்லில் தடக்கினேன் என்று காட்ட வேண்டாமா? அந்தக் கல்லைக் காட்டத்தான் வந்திருக்கிறேன்.

நான் படித்தவன் அல்லன். என் கணக்கு வாத்தியார் என் கொப்பியைத் திறக்குமுன் தண்ணீர் குடித்துக்கொள்வார். இந்த நாட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் வாளி வார்க்கும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கேதான் மட்டக்களப்பு வின்சன்ட் அண்ணையைக் கண்டேன். இரும்பில் அச்சு வெட்டுவதில் அவர் அரசர். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். கையை உயர்த்துங்கோ அண்ணை. உயர்த்தமாட்டார். கூச்சம்.

ஒரு கோடையில் தொழிற்சாலைத் தோழர்கள் எங்களைப் போஸ் என்ற ஊர்ப்பக்கத்து ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்கள். அந்த ஆற்று மணலில் பொன்பொடி உண்டு. கடையில் வாங்கிய பொன்னரிக்கும் தட்டோடு ஆளுக்காள் ஆற்றில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். எனக்குக் கிடைத்தது தடிமனும் தும்மலும் மட்டும்.

என் மனைவி கௌசலா கரையில் சமைப்பதற்கு அரிசியோடு அரிக்கன் சட்டியையும் கொண்டுவந்திருந்தாள். தாய்மாருக்குத் தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: உள்ளே வளையம் வளையமாக வரி ஓடும் சட்டி. நீரோடு சுழற்றினால் அரிசி வெளியே போகும், கல் வரிக்குள் தங்கும். இந்த நாட்டு அரிசியில் கல்லே இல்லையே என்று யார் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். நான் தட்டோடு படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல், "தள்ளுங்கோ, இப்பிடியே அரிக்கிறது?" என்று தன் சட்டியால் மணலை அள்ளிச் சுழற்றினாள். அடியில் கறுத்த மண். அந்தக் கறுப்புக்குள், வரிகளின் இடையில், கடுகை இடித்துத் தூவியதுபோல் மஞ்சள் மினுக்கம்.

எல்லோரும் பொன்னைப் பார்த்தோம். வின்சன்ட் அண்ணை மட்டும் வரிகளைப் பார்த்தார். "நகுலன், இதை அச்சிலை வெட்டலாம்" என்றார்.

அன்று பிடித்தது எங்கள் இருவருக்கும் பொன்பித்து. இரண்டு குளிர்காலம் என் வீட்டு பேஸ்மென்டில் வெட்டினோம், வார்த்தோம், உடைத்தோம், மறுபடி வார்த்தோம். முதலாவது சட்டியில் வரியின் சாய்வு பிழைத்து, பொன் ஓடிப்போய் மணல் தங்கியது. கௌசலா அதற்கு 'கல்லைச் சமைக்கிற சட்டி' என்று பெயர் வைத்தாள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் கடைசியில் ஒன்று பிறந்தது. பச்சை நிறம், பாரம் இல்லை, மாப்போன்ற பொடிப்பொன்னையும் விடாத வரிகள். அதற்குச் 'சொர்ணா' என்று பெயரிட்டு, பேராசையில் சில நூறு சட்டி வார்த்தும் அடுக்கிவிட்டோம்.

வாளி வார்க்கும் தொழிலாளி நான். என் கையால் ஆயிரம் ஆயிரம் வாளி போயிருக்கிறது. ஒன்றாவது என் வாளியா? ஒன்றையாவது மகளுக்குக் காட்டி, இது அப்பா செய்தது என்று சொல்ல முடியுமா? இந்தச் சட்டி கடைக்குப் போனால் சொல்லலாம். அவ்வளவுதான் என் ஆசை. பொன்னைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம், லவாலில், மிஸ்யூ கெத்தான் என்று ஒரு முதியவர் பொன் தேடுவோருக்கான கடை வைத்திருந்தார். மாகாணம் முழுக்கச் சின்னக் கடைகளுக்குச் சாமான் அனுப்புபவர். அவர் தலையசைத்தால் சொர்ணா சந்தைக்குப் போகும். கொண்டுவாருங்கள், என் தொட்டியில் நானே பார்க்கிறேன் என்றார். பிரெஞ்சில் பேச என் மகள் துஷாந்தினியும் வர ஒப்புக்கொண்டாள்.

அன்று காலை கௌசலா சட்டியைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிளாஸ்டிக்கில் குங்குமம் ஒட்டவில்லை. ஒட்டாவிட்டால் தமிழச்சி விடுவாளா? விளக்கிலிருந்து நல்லெண்ணெய் தொட்டுப் பூசி, அதன்மேல் பொட்டு வைத்துக் கும்பிட்டாள். பிறகு, வெள்ளைக்காரன் என்ன நினைப்பானோ என்று துணியால் துடைத்தாள். குங்குமம் போனது. எண்ணெய் போகுமா?

கௌசலாவும் சேர நால்வரும் காரில் ஏறினோம். சட்டி வின்சன்ட் அண்ணையின் மடியில். கண்ணாடியில் பார்க்கிறேன்: மலைமேல் சூசையப்பர் கோவிலில் வாங்கிய சின்னப் போத்தலைத் திறந்து, விரலில் எண்ணெய் தொட்டு, சட்டியின் நடுவில் சிலுவை வரைகிறார். என் நெஞ்சு நிறைந்துபோனது. பிள்ளையாரும் கூட, சூசையப்பரும் கூட. இனி யாரால் அசைக்க முடியும் என்று இறுமாந்தேன்.

சபையோரே, பொன் அரிப்பவன் எவனும் முதலில் படிக்கும் பாடம் ஒன்று உண்டு. தட்டில் எண்ணெய் படக்கூடாது. எண்ணெய் பட்டால் பொடிப்பொன் அடியில் தங்காது, நீரின்மேல் மிதந்து விளிம்பால் ஓடிவிடும். எனக்கு அது தெரியும். வின்சன்ட் அண்ணைக்கும் தெரியும். இரண்டு குளிர்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித்தான் அந்தச் சட்டியைத் தொட்டோம். ஆனால் அன்று காலை எங்கள் கண்ணுக்கு அது எண்ணெயாகத் தெரியவில்லை. அருளாகத் தெரிந்தது.

மிஸ்யூ கெத்தான் மணலில் ஒரு சிட்டிகை பொன்பொடி கலந்து, தொட்டியில் அமிழ்த்திச் சுழற்றினார். பொன் எழுந்தது. மஞ்சள் பூந்தாதுபோல் நீரில் படர்ந்து, வரிகளை எட்டியும் பார்க்காமல் விளிம்பைத் தாண்டிப் போனது. இன்னொரு தரம் சுழற்றினார். இன்னும் போனது. சட்டியை மூக்கருகில் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார்.

துஷாந்தினி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா, இதிலை எண்ணெய் ஏதும் பட்டதோ எண்டு கேக்கிறார்."

ஒரு சொல். 'ஓம்' என்ற ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல நாக்கு எழுந்ததா? பக்கத்தில் கௌசலா, கும்பிட்ட கையைச் சேலைத்தலைப்பில் மறைத்தபடி. மறுபக்கம் வின்சன்ட் அண்ணை, கை சட்டைப்பைக்குள், போத்தலின்மேல். ஓம் என்றால் என் மனைவி வைத்த பொட்டைக் குற்றம் சொல்வதாகும். என் நண்பன் வரைந்த சிலுவையைக் குற்றம் சொல்வதாகும். தெய்வத்தைக் கொண்டுபோய் ஒரு கடைக்காரரின் முன்னால் நிறுத்துவதாகும். அப்படித்தான் நினைத்தேன். அண்ணையும் அப்படித்தான் நினைத்தாராம்.

"இல்லையெண்டு சொல்லு" என்றேன்.

அவள் சொன்னாள். முதியவர் ஒரு கணம் காத்திருந்தார். பிறகு சட்டியைத் துடைத்து, இரு கைகளாலும் என்னிடம் திருப்பித் தந்தார். எண்ணெய் இல்லையென்றால் பிழை சட்டியில்தானே? வேறு எங்கே போய்த் தேடுவார் அந்த மனிதர்? தெய்வத்தைக் காப்பாற்றப் போய் என் கைவேலையைக் காட்டிக்கொடுத்தேன். தெய்வம் கேட்டதா அந்தக் காவலை?

திரும்பும் வழியில், பாலம் தாண்டியபிறகு துஷாந்தினி, "உள்ளதைச் சொல்லியிருந்தா ஒரு சொட்டுச் சோப் போதும் அப்பா, அவர் சிரிச்சுப்போட்டுக் கழுவியிருப்பார்" என்றாள். நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

வார்த்து அடுக்கிய சட்டிகள் என்னவாயின என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. இன்று வாசலில் பச்சைத் தட்டில் கற்கண்டு எடுத்தீர்களா? சந்தனம் தொட்டீர்களா? அதுதான் தம்பி சொர்ணா. எத்தனை கலியாண வீட்டில், எத்தனை பூப்புனித நீராட்டு விழாவில் என் சட்டியில் கைவைத்திருக்கிறீர்கள் தெரியுமா? உலகத்திலேயே பொன்னரிக்கும் சட்டியில் கற்கண்டு எடுத்த சனம் நாங்கள்தான். கைதட்ட வேண்டாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கற்கண்டு கசக்கிறது.

சென்ற வசந்தத்தில்தான் வின்சன்ட் அண்ணை தொலைபேசி எடுத்தார். வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. "நகுலன், கழுவிப்போட்டு ஒருக்காப் போவம்." இருவருமாக ஒரு சட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். வெந்நீரில் கழுவினோம். வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு லவாலுக்குப் போனோம்.

கடை இருந்த இடத்தில் ஒரு கார்டரி, பிள்ளைகள் காப்பகம். கண்ணாடிக்குள் சின்னப் பிள்ளைகள் வரிசையாகத் தூங்குகிறார்கள். பக்கத்துத் தெப்பனரில், அந்த மூலைக்கடையில், விசாரித்தோம். அங்கிருந்த பெண், போன இலையுதிர்காலத்தில் கெத்தான் காலமாகிவிட்டார் என்றாள். பிறகு துணியை விலக்கிப் பச்சைச் சட்டியைப் பார்த்து, நீங்களா அந்த இரண்டு பேர் என்றாள். தினமும் கோப்பி வாங்க வரும்போது எங்களைப் பற்றிக் கதைப்பாராம். நல்லெண்ணெய் வாசம் அவருக்கு அன்றே வடிவாக மணந்து, விளங்கியும் விட்டதாம். இப்படி ஒரு சட்டி செய்தவர்கள் கழுவிக்கொண்டு திரும்பி வருவார்கள், பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். என் அரைகுறைப் பிரெஞ்சுக்கும் அது முழுக்க விளங்கியது.

தொழில் தொடங்கப்போகும் தம்பிமாரே, தங்கைமாரே, விளக்கேற்றுங்கள். பொட்டு வையுங்கள். தேங்காய் உடையுங்கள், மெழுகுதிரி கொளுத்துங்கள். அது எங்கள் உயிர். ஆனால் கும்பிட்ட கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடுங்கள். ஒருவர் முகம் பார்த்து, பிழை எங்கே என்று கேட்டால், அவர் கதவை அடைக்கவில்லை, திறந்து வைத்திருக்கிறார் என்று அறியுங்கள். அந்த வாசலில் நின்று மானம் பார்க்காதீர்கள், மௌனம் காக்காதீர்கள், மறுத்துவிட்டு மாண்பு என்று பெயர் வைக்காதீர்கள். ஓம் என்று சொல்லுங்கள். ஓம், எண்ணெய் பட்டுவிட்டது என்று சொல்லுங்கள். தெய்வம் கோபிக்காது. மனிதர் சிரிப்பார். பொன் தங்கும்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், தன் பொட்டின் கதையை நான் சபையில் போட்டுடைக்க அனுமதித்த கௌசலாவுக்கும், தலையைக் குனிந்தபடியே தலையாட்டும் வின்சன்ட் அண்ணைக்கும், மணிக்கூட்டை மறந்துவிட்ட தலைவருக்கும் என் நன்றி. வாசலில் இருக்கும் சட்டிகளைப் போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள், பேஸ்மென்டில் இடமில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்று மட்டும் என்னிடம் இருக்கும். கழுவியாயிற்று. காட்டத்தான் ஆள் இல்லை.

வணக்கம் சொல்லி விடைபெறுகிறேன்.