பொட்டு வைத்த கை

தலைமை ஏற்றிருக்கும் பேரிகை ஊரில் விதைக்கடை நடத்தும் கௌஸ் மொய்தீன் பாய் அவர்களே, இந்த வாசகர் வட்டத்தைச் சோறு தண்ணீர் பாராமல் வளர்த்த பெரியோர்களே, முதல் ஷிப்டு முடித்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கன்னடத்தில் சிந்தித்து, தெலுங்கில் சிரித்து, தமிழில் கைதட்டும் என் ஓசூர்த் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

பழைய பேப்பர் கட்டிலிருந்து நம் தலைவர் மீட்டெடுத்த 'பாதி எஃகு' என்ற நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் என்ற சொல்லே நம் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்து விஞ்ஞானக் கதை. சுரங்க விபத்தில் சிக்கிய ஒருவனுக்கு எஃகுக் கை பொருத்துகிறார்கள். பிறகு எஃகுக் கால், பிறகு எஃகுக் கண். கடைசிப் பக்கத்தில் 'நீ யார்?' என்று அவன் மனைவியே கேட்கிறாள்.

"முடிவச் சொல்லிடாதீங்க சார், நான் இன்னும் படிக்கல" என்கிறார் பின்வரிசைத் தம்பி. மன்னிக்க வேண்டும் தம்பி, அந்த முடிவோடு சண்டை போடத்தான் நான் மேடை ஏறியிருக்கிறேன்.

மனைவி கேட்டதற்கு அந்தக் கதாநாயகன் தன் பெயரைச் சொல்லவில்லை. எஃகுக் கையில் பொறித்திருந்த எண்ணைச் சொல்கிறான். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எஃகு ஏறினால் மனிதன் இறங்கிவிடுவானா? இரும்பு கலந்தால் இதயம் கரைந்துவிடுமா?

எங்கள் தொழிற்சாலையில் என்னோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் சுவாதியைக் கேளுங்கள். உத்தனப்பள்ளி அருகே லாரி மோதி வலக்கையை இழந்தவர். மோட்டாரில் இயங்கும் செயற்கைக் கையோடு திரும்பி வந்து, தன் பழைய இடத்தைக் கேட்டார். கிடைத்ததோ கேன்டீன் டோக்கன் கொடுக்கும் நாற்காலி.

"புது மெஷின் வந்தாலே ட்ரையல் பார்த்துட்டுத்தானே லைன்ல போடுறோம். இந்தக் கையும் அப்படித்தாம்மா" என்றார் எங்கள் சூப்பர்வைசர் நவீன்குமார். கெட்டவர் அல்லர். அவர் கண்ணுக்குக் கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

வந்தது ஆயுத பூஜை. லேத்துக்குப் பொட்டு, டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு, கம்ப்ரசருக்குப் பொட்டு. சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்த எங்கள் சக தொழிலாளி சரசம்மா, அதே வேகத்தில், அதே பக்தியில், பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சுவாதியின் செயற்கைக் கையிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

சிரிக்காதீர்கள் அம்மா. அன்று நாங்களும் இப்படித்தான் சிரித்தோம். சுவாதி சிரிக்கவில்லை.

"பொட்டு வெக்கணும்னா நெத்தியில வைங்கக்கா. இது மெஷின் இல்ல. என் கை."

சரசம்மாவின் முகம் வாடிவிட்டது. "பழக்கத்துல கை போயிடுச்சும்மா" என்றபடி முந்தானையால் அந்தச் சந்தனத்தைத் துடைத்தார். புதிதாகக் குழைத்து, சுவாதியின் நெற்றியில் வைத்தார். பக்கத்தில் நின்ற நவீன்குமார் சுவாதியிடம் திரும்பினார். "திங்கக்கிழமை லைனுக்கு வந்துடும்மா" என்றார்.

நாவலாசிரியர் பயந்தார், அந்தப் பயத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் கேள்விக்கு நம் ஊர் பதில் சொல்லிவிட்டது. எஃகு எவ்வளவு ஏறினாலும், 'என் கை' என்று சொல்ல ஒருவர் இருக்கும்வரை மனிதர் தோற்கமாட்டார். அதைக் காது கொடுத்துக் கேட்க நாம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதோ, முதல் வரிசையில் சுவாதி இரு கைகளையும் கூப்புகிறார். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி, அந்த இரண்டு கைகளுக்கும் என் வணக்கத்தைச் சொல்லி அமர்கிறேன்.